இந்தியர் விழக்கூடாது

கணேசமூர்த்திக்கு விழத் தெரியும். அதைத் தவிர வேறு எதுவும் விசேஷமாகத் தெரியாது.

மலாக்காவிலிருந்து தம்பினுக்குப் போகும் பஸ்ஸில் அவன் கண்டக்டர். டிக்கெட் கிழிப்பதும் மணியடிப்பதும் யாரும் செய்யக்கூடிய வேலை. ஆனால் நுரை தளும்பும் தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்தபடி படிக்கட்டின் உச்சியில் கால் இடறி, உருண்டு, புரண்டு, இரண்டு காலும் மேலே போய்க் கீழே வந்து சேர்ந்து, எழுந்து நின்று, ஒரு சொட்டும் சிந்தாத அந்தத் தேநீரை நிதானமாக உறிஞ்சிக் காட்டுவது அவன் ஒருவனால் மட்டுமே முடிந்தது.

இதை அவன் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. பஸ் நிலையத்தில் அஞ்சலையின் அப்பா தேநீர்க் கடை வைத்திருந்தார். மழை பெய்த ஒரு காலையில் அஞ்சலை நீட்டிய கோப்பையை வாங்கிக்கொண்டு திரும்பியவன், சாக்கடை மேல் போட்டிருந்த பலகையில் வழுக்கி விழுந்தான். உடம்பைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. அவள் கொடுத்தது கீழே போகக்கூடாது என்று மட்டும் நினைத்தான். போகவில்லை. கடையிலிருந்த மலாய்க்காரர்களும் சீனர்களும் தமிழர்களும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அஞ்சலையும் சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அதைப் பலமுறை சொல்லிக் காட்டியிருக்கிறாள்: "விழுற ஆம்பளைங்க ஊர்ல நெறைய. நான் குடுத்தத சிந்தாம விழுந்தது நீங்க ஒருத்தர்தான்."

மலேசியா பிறந்த மறுவருடம் அது. உலகமெங்கும் ஒற்றர் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மலாக்காவில் மீசை முளைத்த எல்லோரும் இருட்டிலும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடந்தார்கள். சிங்கப்பூர் ஸ்டுடியோக்களும் ஒற்றனை வைத்துச் சிரிப்புப் படங்கள் எடுத்துத் தள்ளின. அவற்றில் நம் ஆள் ஒருவர் தவறாமல் வருவார். கயிற்றுக் கட்டிலில் வாயைப் பிளந்து தூங்கும் காவல்காரர், ஜாகா. ஒற்றன் அவரைத் தாண்டிக் குதித்து உள்ளே போவான். வேலையை முடித்துக்கொண்டு மறுபடி தாண்டிக் குதித்து வெளியே வருவான். ஜாகா புரண்டு படுப்பார். ஜாகா இல்லாத படத்தில் பால்காரர் உண்டு. ஒற்றனின் கார் மோதிப் பால் கொட்டும். அவர் தலையை ஆட்டி ஆட்டி, எந்த நாட்டிலும் பேசப்படாத ஒரு மொழியில் அழுவார். கொட்டகை முழுக்கச் சிரிக்கும் அந்தக் கட்டத்தில் கணேசமூர்த்திக்கு மட்டும் சிரிப்பு வராது. "எந்திரிச்சுத் தொலையேன்டா" என்று திரையைப் பார்த்துப் பல்லைக் கடிப்பான்.

ஆகவே, சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த டைரக்டர் அலி அக்பர் மாரியம்மன் திருவிழா நாடகத்தில் அவன் விழுவதைப் பார்த்துவிட்டு மேடைக்குப் பின்னால் வந்தபோது, அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஜாகா வேசமா சார்?"

"ஜாகாவா? ஒற்றன்யா நீ!" என்றார் அலி அக்பர். "மூணு ஒற்றனுங்க. ஒரு மலாய்க்காரன், ஒரு சீனன், ஒரு தமிழன். மூணு பேரும் சேர்ந்து திருட்டுப் போன வரைபடத்தத் தேடுறாங்க. வரைபடம் ஒன் தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில ஒட்டியிருக்கு. கெட்டவனுங்க தொரத்துறானுங்க. குன்று மேல இடிஞ்ச மாதா கோயில் இருக்குல்ல, அந்தப் படி உச்சியிலேருந்து நீ விழற. தேத்தண்ணி சிந்தல. வில்லன் துப்பாக்கியக் கீழ போட்டுட்டுக் கை தட்டறான். அப்ப பிடிக்கிறோம் அவன!"

கணேசமூர்த்தி கையிலிருந்த கோப்பையைத் தூக்கி அதன் அடியைப் பார்த்தான்.

"இந்த ஒரு விழுகை படத்துல வரட்டும். மொதலாளி ஒன்ன ஸ்டுடியோவிலயே வச்சுக்குவாரு. வீடு குடுப்பாங்க. படத்துக்குப் படம் நீதான்."

"வரலேன்னா சார்?"

"வரலேன்னா நீ கண்டக்டர். சிங்கப்பூர்ல கண்டக்டருக்குப் பஞ்சமில்ல."

அஞ்சலை அன்றே சாமான்களை எந்தப் பெட்டியில் போடுவதென்று யோசிக்கத் தொடங்கினாள்.

*

குன்றில் காமிரா வைக்க அனுமதி வேண்டும். அனுமதிக்கு ஒற்றுமை மன்றத்தின் சான்று வேண்டும். அந்த வருடம் எல்லோரும் ஒற்றுமையைப் பற்றிக் கொஞ்சம் பதற்றத்தோடுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால் மன்றம் சமூகத்துக்கு ஒன்றாகத் திரைச் சித்திரிப்புக் குழுக்களை அமைத்திருந்தது. ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர் திரையில் தோன்றினால், அவர் எப்படித் தோன்றுகிறார் என்பதை அந்தச் சமூகத்தின் குழு பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தியர் குழு பண்டார் ஹிலிரில் ஒரு கடைவீட்டு மாடியில் கூடியது. தலைவர் பொன்னுதுரை, யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்ற தலைமைக் குமாஸ்தா. அலுவலகத்தை விட்டு வரும்போது அலுவலகத்தையும் கூடவே எடுத்துவந்துவிட்டவர். மேசை மேல் பித்தளை மணி ஒன்று இருந்தது. யாரும் பேசாதபோதும் அதை அடித்து அமைதி காக்கச் சொல்வார். அவருக்கு வலப்பக்கம் துணிக்கடை ஜெய்னுலாப்தீன். இடப்பக்கம் காஜா பேராங் செட்டிச் சமூகத்தின் கலியாணசுந்தரம் பிள்ளை. பிள்ளையின் முன்னோர்கள் சுல்தான்கள் காலத்தில் கப்பலேறி வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, சாமியை மறக்காமல் தமிழை மறந்தவர்கள். சாரோங்கும் தலைப்பாவுமாக வந்து உட்கார்ந்து, தமிழில் பேசுவதைக் கேட்டுப் புரிந்துகொண்டு, மலாயில் பேசுவார். நாட்டின் மூத்த இந்தியர் என்பதால் அவரில்லாமல் கூட்டம் கூடியதாகக் கொள்ளப்படாது. அவர் பேசுவது இந்திய மொழிதானா என்பது பரிசீலனையில் இருந்ததால், அவர் சொல்வது மட்டும் கணக்கில் வராது.

பொன்னுதுரை எழுந்தார். சாதாரணப் பேச்சில் அவருக்கு யாழ்ப்பாணத் தமிழ் வரும், நடுவே 'ஐசே' என்று குமாஸ்தா இங்கிலீஷும் வரும். சொற்பொழிவில் செந்தமிழ்தான்.

"பெரியோர்களே! திரையிலே எங்கள் சமூகம் எங்கே தோன்றுகின்றது? கட்டிலிலே தோன்றுகின்றது! விடிந்த பின்னும் எழுந்திராத சமூகமாகத் தோன்றுகின்றது! இனி எந்த இந்தியனும் திரையிலே உறங்கமாட்டான் என்று இக்குழு உறுதி கூறுகின்றது!"

கணேசமூர்த்தி உள்ளங்கை சிவக்கும்வரை கை தட்டினான். இத்தனை வருடமாகத் தன் பல்லுக்குள் அரைபட்டதை ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு சொன்னது அவனைக் கண் கலங்கச் செய்தது.

"இப்ப நீர் என்ன செய்யப்போறீர் எண்டு சொல்லும்" என்றார் தலைவர் உட்கார்ந்தபடி.

சொன்னான். படி, கோப்பை, கால் இடறுவது, உருள்வது, எல்லாம். பிள்ளை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "எப்போது விழுவார்?" என்று மலாயில் கேட்டார்.

"பிள்ளை, பொறும்" என்று தலைவர் மணியடித்தார். "ஐசே, விழுறீரோ?"

"ஆமாங்க."

"எல்லாருக்கும் முன்னால?"

"முன்னாலதாங்க. யாரும் இல்லாதப்ப விழுந்தா யாரு சிரிப்பா?"

"சிரிப்பினமோ?"

தலைவர் ஜெய்னுலாப்தீனைப் பார்த்தார். ஜெய்னுலாப்தீன் கூரையைப் பார்த்தார்.

"ஓர் இந்தியன் விழுறான். அதைக் கண்டு மற்றச் சமூகங்கள் சிரிக்கினம்" என்றார் தலைவர் மெல்ல. "கட்டிலில படுத்திருந்தவனாவது விழேல்லை."

"சார், மத்த ரெண்டு ஒற்றனுங்களும் விழுறாங்களே. சீனரு கிணத்துலயே விழுறாரு."

"அது அந்தந்தக் குழுக்களின்ர பொறுப்பு. அவை விழுந்தால் நாங்கள் சிரிப்பம். அதில எங்களுக்கு ஆட்சேபணை இல்லை."

தீர்மானம் நிறைவேறியது. இந்தியர் விழக்கூடாது. படியில் நடந்து இறங்கலாம்.

"விழறதுக்குப் பதிலா வேற ஏதாச்சும் சேத்துக் குடுங்க சார்" என்று கணேசமூர்த்தி கெஞ்சினான். "சண்டை போடவா? பாட்டு?"

தலைவர் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "சேர்க்கிறதுக்கு எங்களுக்கு அதிகாரம் இல்லை, தம்பி. ஒண்டு சேர்த்தால் மற்ற ரெண்டு குழுவும் தங்கடை ஆளுக்கும் சேர்க்கச் சொல்லிக் கேக்கும். நீக்கிறதுக்கு ஆரையும் கேக்கத் தேவையில்லை."

*

"நடந்தே எறங்கு" என்றார் அலி அக்பர் ஹோட்டல் அறையில், சிகரெட்டை அணைத்த கையோடு இன்னொன்றைப் பற்றவைத்துக்கொண்டு. "ஆனா கோப்பை கையில இருக்கட்டும். காமிரா ஓடும்போது கால் வழுக்குனா அது விபத்து. விபத்துக்கு எந்தக் குழுவும் கெடயாது."

அடுத்த கூட்டம் கோப்பையைப் பற்றியது.

"தேத்தண்ணியா?" என்று ஜெய்னுலாப்தீன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வேணாங்க. இந்தியன்னா தேத்தண்ணி ஆத்துறவன்னு மத்தவன் நெனைக்க மாட்டானா? என் மச்சான் ரெண்டு பேரும் கிளேபாங்ல அந்தக் கடைதான் வச்சிருக்கானுங்க. வெளியில தெரியக்கூடாதுன்னுதானே நான் துணிக்கடைக்கு வந்தேன்."

"கோப்பி?" என்றான் கணேசமூர்த்தி.

"கோப்பி சீனர் குழுவிட்டை இருக்கு" என்றார் தலைவர்.

"பால்?"

மூவரும் பால்காரரை நினைத்தார்கள் என்பது முகத்தில் தெரிந்தது.

"தண்ணிங்க. பச்சத் தண்ணி."

"தண்ணியைக் குடிச்சு வயித்தை நிரப்புற சமூகம் எண்டு காட்டப்போறீரோ?"

"சரிங்க, வெறுங் கோப்பை."

"வெறுங் கோப்பையைக் கையில பிடிச்சுக்கொண்டு கோயில் படியில நிக்கிறவனை உலகம் என்னெண்டு சொல்லும், ஐசே? நீரே சொல்லும்."

கோப்பை நீக்கப்பட்டது. "அப்படியானால் எப்போது விழுவார்?" என்று பிள்ளை கவலையோடு கேட்டார். அது கணக்கில் வரவில்லை.

மூன்றாவது கூட்டத்தில் முகத்துக்கு வந்தார்கள். கணேசமூர்த்தி நெற்றியில் விபூதியோடு வந்திருந்தான், வெள்ளிக்கிழமை.

"அந்தத் திருநீறோட நடிச்சா நான் எங்கங்க போறது?" என்றார் ஜெய்னுலாப்தீன். "நானும் இந்தியன்தானே? சொங்கோத் தொப்பி போடச் சொல்லுங்க."

"சொங்கோ மலாய்க் குழுவிட்டை இருக்கு."

"அதத்தான் சொல்றேன். சொங்கோ போட்டா நீ மலாய்க்காரன்னு இங்க சொல்றீங்க. மலாய்க் குழுவுக்குப் போனா, 'பாய், நீ தமிழன், மாடிக்குப் போ'ன்றானுங்க. படியேறி எறங்கியே என் முட்டி போச்சு."

தலைப்பாகை கட்டலாமா என்று பார்த்தார்கள். பஞ்சாபியர் வருத்தப்படுவார்கள். வேட்டியைக் கட்டினால் படித்தவர்கள் கோபிப்பார்கள். கால்சட்டை போட்டால் யாரென்றே தெரியாது. தலைவர் தம் கூட்டத்தாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார்: "தமிழர் எண்டால் எல்லாரும் ஒண்டெண்டு நினைக்கினம். எங்கடை ஆக்கள் இங்கை ஆஸ்பத்திரியிலும் ரயில்வேயிலும் உத்தியோகம் பார்த்தவை. அதையும் இந்தத் தம்பியின்ர முகம் காட்டவேணும்."

கணேசமூர்த்தி தன் முகத்தைத் தடவிப் பார்த்தான். செங் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய அப்பாவின் முகம் அது. அதில் ரயில்வே எதுவும் இல்லை.

தலைவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். திறந்தபோது அதில் ஒரு தெளிவு இருந்தது.

"முகம் எண்டு ஒண்டு இருந்தால் அது ஆரோ ஒருத்தரின்ர முகமாய்த்தான் இருக்கும். பிரச்சினை அங்கைதான் துவங்குது. முகத்தை நீக்குவம்."

முதுகு மிஞ்சியது. முதுகுக்கு மேலே கழுத்து தெரிந்தது. கழுத்தின் நிறம் தெரிந்தது. நிறம் என்றதும் மறுபடி விவாதம் எழுந்தது. கடைசியில், பெரிய கறுப்புக் குடை ஒன்றைச் சாய்த்துப் பிடித்து அதற்குப் பின்னால் நிற்கலாம் என்று குழு ஏகமனதாக ஒப்புக்கொண்டது.

வீட்டுக்கு வந்து அஞ்சலையிடம் சொன்னான்.

"அப்ப படத்துல உங்ககிட்டேருந்து என்னாதான் தெரியும்?"

"குடை."

"குடை நம்மளுதா?"

"கம்பெனி குடை."

அஞ்சலை பெட்டியில் மடித்து வைத்திருந்த சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அலமாரியில் வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாதபோது கணேசமூர்த்திக்கு மணியடிக்க வேண்டும் போலிருந்தது.

*

மற்ற இரண்டு குழுக்களும் இதே முறையில்தான் வேலை பார்த்தன. மலாய் ஒற்றர் ஏமாறக்கூடாது. சீன ஒற்றர் காசு எண்ணக்கூடாது, கிணற்றில் விழக்கூடாது. அவர்களுக்கும் ஆளுக்கொரு குடை வந்தது. சமத்துவத்துக்காக மூன்றும் ஒரே நிறம். வில்லனாக இருக்க எந்தச் சமூகமும் சம்மதிக்காததால், வில்லன் தொலைபேசியில் பேசும் குரலானான். பேசினால் உச்சரிப்பில் ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்றார்கள். ஆகவே அவன் பேசவில்லை. மணி மட்டும் அடித்தது.

குன்றில் படப்பிடிப்பு நடந்தது. மூன்று குடைகள் படியில் நின்றன. தொலைபேசி அடித்தது. குடைகள் ஒன்றையொன்று பார்ப்பதுபோல் சற்றே திரும்பின. "கட்" என்று சொல்லிவிட்டு அலி அக்பர் இடிந்த சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். ஒற்றன் என்றாலே கண்ணுக்குத் தெரியாதவன்தானே என்று கணேசமூர்த்தி குடைக்குப் பின்னால் தன்னைத் தேற்றிக்கொண்டான். அப்படியும் முழங்கால் தானாக ஒருமுறை மடங்கப் பார்த்தது. கீழே நின்றிருந்த தலைவர் இருமினார். முழங்கால் நிமிர்ந்துகொண்டது.

படத்தின் பெயர் 'மூன்று குடைகள்' என்று மாறியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டவுன் கொட்டகையில் முதல் காட்சி. காஜா பேராங்கே கிளம்பி வந்திருந்தது. பஸ் டிரைவர் மருதமுத்து தன் முறை வேலையை வேறொருவருக்கு மாற்றிக்கொண்டு மாமியாரோடு வந்திருந்தான்.

படம் ஓடியது. கொட்டகை அதைப் பொறுத்துக்கொண்டது. "எதுப்பா நீ?" என்று மருதமுத்து இருட்டில் கேட்டான். "நடுக் குடை" என்றான் கணேசமூர்த்தி. "நல்லா புடிச்சிருக்க" என்றான் மருதமுத்து, நண்பன் என்ற முறையில். அவன் மாமியார் குறட்டை விட்டது திரையிலிருந்த எந்தச் சமூகத்துக்கும் இழுக்காகவில்லை.

விளக்கு போட்டதும் பொன்னுதுரை மேடையேறினார்.

"பெரியோர்களே! நூறு படங்களிலே எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். இந்தப் படத்திலே யாராவது சிரித்தீர்களா? ஒருவரும் சிரிக்கவில்லை! எங்களை யாராவது இழிவாகக் கண்டீர்களா? ஒருவரும் காணவேயில்லை! இதுவே எங்கள் குழுவின் வெற்றி! எங்களுக்காக உழைத்த நடிகரை இப்போது மேடைக்கு அழைக்கின்றேன். அவரைப் பார்த்துக்கொள்ளுங்கள். படத்திலே பார்த்திருக்க முடியாது."

கணேசமூர்த்தி மேடையேறினான். பொன்னாடை போர்த்தினார்கள், அது நீளமானது, பின்னால் தரையில் புரண்டது. மேடையிலிருந்த பெரியவர்களுக்குத் தேநீர் வந்துகொண்டிருந்தது. தட்டைப் பிடித்திருந்தவர் ஆள் தெரியாமல் அவனுக்கும் ஒரு கோப்பையை நீட்டிவிட்டார். அவனும் வாங்கிக்கொண்டான். கும்பிட்டுவிட்டு மேடைப்படிக்குத் திரும்பினான். தலைவர் தம் பளபளப்பான கறுப்புச் சப்பாத்துக் காலோடு பொன்னாடையின் நுனியில் நின்றிருந்தார்.

கணேசமூர்த்தி விழுந்தான்.

எத்தனையோ மாதமாக உடம்புக்குள் அடைபட்டுக் கிடந்த விழுகை அது. முதல் படியில் இடறியது, இரண்டாவதில் சுழன்றது, கால்கள் இரண்டும் கொட்டகையின் கூரையைப் பார்த்தன, பொன்னாடை பாயாகச் சுற்றிக்கொண்டது. அந்தப் பாய்ச் சுருளிலிருந்து ஒரு கை மட்டும் நேராக நீட்டிக்கொண்டு, கோப்பையைச் சாமி விளக்குபோல் பிடித்திருந்தது. கீழே வந்து நின்றான். கோப்பையைப் பார்த்தான். ஒரு வாய் குடித்தான்.

முதலில் சிரித்தது அஞ்சலை. பிறகு கொட்டகையே வெடித்தது. மலாய்க் குழுத் தலைவரின் சொங்கோ கழன்று மடியில் விழுந்தது. அதை எடுக்கவும் முடியாமல் சிரித்தார். சீனர் குழுத் தலைவர் பக்கத்திலிருந்த பஞ்சாபியரின் தோளைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை நாற்காலியில் எழுந்து நின்று, கண்ணீர் வழிய, "விழுந்துவிட்டார்! விழுந்துவிட்டார்!" என்று மலாயில் கூவினார். பொன்னுதுரை கைக்குட்டையால் வாயை அழுத்திப் பிடித்தார். தோள் இரண்டு முறை குலுங்கியதைப் பலர் பார்த்தார்கள். பிறகு கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவசரக் கூட்டத்துக்கு அழைப்பு விடுத்தார்.

கூட்டம் மேடைத் திரைக்குப் பின்னாலேயே நடந்தது.

"முழு ஊரும் பார்த்திட்டுது" என்றார் தலைவர். "நடந்ததை நீக்கேலாது. ஆனா ஒண்டை யோசிச்சுப் பாருங்கோ. இந்தியர் விழமாட்டினம் எண்டு நாங்கள் தீர்மானம் போட்டிருக்கிறம். இவர் விழுந்திட்டார். அப்ப என்ன அர்த்தம்?"

"என்னாங்க அர்த்தம்?" என்றார் ஜெய்னுலாப்தீன்.

"இவர் இந்தியர் இல்லை."

கணேசமூர்த்தி பொன்னாடையிலிருந்து தலையை வெளியே நீட்டினான். "சார், எங்கப்பா நாமக்கல் பக்கம். கப்பல்ல வந்தவரு."

"தம்பி, இது உம்மிலை கோபத்தில எடுத்த முடிவில்லை. உம்மை நீக்கினால் சமூகம் நிமிர்ந்து நிக்கும். நீர் சமூகத்துக்காக இவ்வளவு செய்தீர், இதையும் செய்யும்."

பிள்ளை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அதனால் அவர் மொழியைப் பற்றிய பரிசீலனையையும் அங்கேயே முடித்து வைத்தார்கள். அது இந்திய மொழி இல்லை, ஆகவே அவரும் இந்தியர் இல்லை என்று முடிந்தது.

*

அலி அக்பர் கொட்டகை வாசலிலேயே அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "குடுத்து வச்சவன்யா நீ! நீ இப்ப யாரும் இல்ல! ஒன்ன எந்தக் குழுவும் தொட முடியாது. அடுத்த படத்துக்கு நாளைக்கே அந்தப் படியில காமிரா வைக்கிறேன். கோப்பையோட வா. மனசாரப் போய் விழு."

ஒற்றுமை மன்றம் அதை மறுக்கவில்லை. ஆனால் திரையில் தோன்றும் ஒவ்வொருவருக்கும் ஒரு குழு வேண்டும் என்றது. எந்தக் குழுவிலும் இல்லாதவர்கள் 'மற்றவர்கள்' எனப்படுவார்கள். மற்றவர்களுக்குக் குழு இதுவரை இல்லை. மலாக்காவில் அப்படி யாரும் இருப்பார்கள் என்று மன்றம் எதிர்பார்க்கவில்லை. இருவர் கூடினால் போதும். ஒருவர் தலைவராக வேண்டும்.

மறுநாள் கணேசமூர்த்தியின் வீட்டில் கூட்டம். தலைவர் கணேசமூர்த்தி, உறுப்பினர் பிள்ளை. வாசலில் ஸ்டுடியோக் கார் நின்றது. காமிராவும் ஆட்களும் குன்றில் காத்திருந்தார்கள். முதலாளி அந்த ஒரு பகலைத்தான் கொடுத்திருந்தார். அன்று மாலை எல்லோரும் சிங்கப்பூர் திரும்புகிறார்கள். அலி அக்பர் முற்றத்தில் நின்று வெயிலைப் பார்ப்பதும் வீட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். "ஒரு வார்த்தைதானே! 'விழலாம்'னு சொல்லிட்டு வாங்கய்யா!"

அஞ்சலை பெட்டியைக் கட்டி முடித்து வாசல் பக்கம் வைத்திருந்தாள். படிக்குக் கொண்டுபோக வேண்டிய கோப்பையில் தேநீர் ஊற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கணவன் மருதமுத்துவிடம் இரவல் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். மேசை மேல் டிப்போவிலிருந்து கொண்டுவந்த பழைய பஸ் மணி. அது எப்போது வீட்டுக்கு வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பிள்ளை நாற்காலி நுனியில் இருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பேச்சு கணக்கில் வரப்போகிறது. அதை அவர் நீட்டவில்லை. "எப்போது விழுவீர்கள்?" என்று மட்டும் மலாயில் கேட்டார்.

"இப்பவே" என்று சொல்லத்தான் கணேசமூர்த்தி வாயைத் திறந்தான். கோட்டு தோளில் கனமாக இருந்தது. நாற்காலி கொஞ்சம் உயரமாக இருந்தது. எதிரே ஒருவர் அவன் பதிலுக்காகக் காத்திருந்தார். வெளியே ஒரு டைரக்டர் காத்திருந்தார். குன்றில் ஒரு காமிரா காத்திருந்தது. அவனுக்காக இத்தனை பேர் இதற்கு முன்னால் காத்திருந்ததில்லை.

மணியை ஒருமுறை அடித்தான்.

"பிள்ளை மாமா, கொஞ்சம் பொறுங்க. அவசரப்படக்கூடாது" என்றான். "விழறதுன்னு வச்சுக்குங்க. நான் ஒருத்தன் விழுந்தா, மத்தவங்க எல்லாருமே இப்படித்தான்னு நாலு பேரு பேச மாட்டாங்களா? மொதல்ல அந்தத் தேத்தண்ணி அவசியமான்னு பாக்கணும்."

அஞ்சலையின் கையிலிருந்த கோப்பை சாய்ந்தது. யாரும் விழாமலேயே அந்த வீட்டில் தேநீர் சிந்தியது அதுதான் முதல் தடவை.